ரெனே நல்லா இருக்கணும்

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் செபமாலை சொல்வோம், பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. என் தங்கை அமலோற்பவம் முன்னால் சொல்லுவாள். நானும் என் வீட்டுக்காரரும் பதில் சொல்லுவோம். முதல் நான்கு பத்துக்கும் வாயைத் திறந்து ஒழுங்காகப் பதில் சொல்வேன். ஐந்தாவது பத்துக்கு மட்டும் வாயை இறுக்க மூடிக்கொள்வேன். அது ரெனேயின் ஆயுசுக்காக. ரெனே நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டுமாம். என் நாக்கை அறுத்துப் போட்டாலும் அதற்கு என்னால் ஆமென் சொல்ல முடியாது.

ரெனே யார் என்கிறீர்களா? அமலுவைக் கட்டியவன். கட்டிவிட்டுப் போனவன் என்று சொல்ல வேண்டும்.

என் பெயர் மதலேன். புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் கோயில் வாசலில் மெழுகுவத்தி, செபமாலை, மாதா படம் விற்கிறேன். ஆண்டவரோடு எனக்கு ஆயிரம் சண்டை இருந்தாலும் பிழைப்பு அவர் வாசலில்தான். அதனால் காலையில் கடையைத் திறக்கும்போது ஒரு கும்பிடு போடுவேன். அதற்கு மேல் அவரோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் அப்பா மில் தொழிலாளி. ரெனே வீட்டார் தூமா வீதிக்காரர்கள். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. குடும்பம் முழுக்க பிரெஞ்சு நேஷனாலிட்டி. அவன் அம்மா செசிலியாவை ஊரே மதாம் என்றுதான் கூப்பிடும். பாட்டுக் குழுவில் அமலு பாடுவதைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ரெனே ஒற்றைக் காலில் நின்றான். மதாமுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அந்தச் சிரிப்பை நான் அன்றே குறித்துவைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் விவரம் தெரிந்தவர்கள், பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் முதலில் கேட்பது கோன்சுலாவில், அதுதான் பிரெஞ்சுத் தூதரகத்தில், கல்யாணத்தை எழுதியாச்சா என்றுதான். கோயிலில் ஆயர் வந்து ஆசீர்வதித்தாலும் சரி, பிரெஞ்சுக்காரன் புத்தகத்தில் ஏறாத கல்யாணம் அவனுக்குக் கல்யாணமே இல்லை. அதை நான் கேட்டேன். எங்கள் அப்பா என் கையைக் கிள்ளினார்.

மதாம் கோபப்படவில்லை. "ஆண்டவரு சன்னதியில கட்டியாச்சு. அதுக்கு மேல இன்னாம்மா பேப்பரு? அதெல்லாம் ஆண்டவரு நேரத்துல தானா நடக்கும்," என்றாள்.

பெரிய இடம், கோபித்துக்கொள்வார்கள் என்று எங்கள் அப்பா தலையை ஆட்டினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தலையாட்டலை என் தங்கை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாள்.

கல்யாணமான சில மாதத்தில் ரெனே பிரான்சுக்குப் பறந்தான். பேப்பர் அனுப்புகிறேன் என்றான். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. பிறகு அதுவும் இல்லை. ஜூலை மாதம் அங்கிருந்து வக்கான்சுக்கு, அதுதான் லீவுக்கு, வந்த ஒருத்தி என் கடையில் மெழுகுவத்தி பொறுக்கிக்கொண்டே, "ரெனேவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அந்த ஊர் மேரியில், முனிசிபாலிட்டி ஆபீஸில், சாந்தால் என்கிற பெண்ணைச் சட்டப்படி கட்டியிருக்கிறான். சட்டப்படிதான். அவன் காகிதத்தில் அவன் பிரம்மச்சாரி. எங்கள் கோயில் புத்தகத்தில் அமலுவின் புருஷன். சாவு ஒன்றுதான் அந்த முடிச்சை அவிழ்க்கும் என்று சொல்லிக் கட்டிய முடிச்சு.

நான் தூமா வீதிக்குப் போய் அந்தத் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். மதாம் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பொறுமையா இரும்மா. ஆண்டவரு ஒரு நாளு அவன் மனச திருப்புவாரு," என்றாள். பங்குச் சாமியார் இன்னாசி ஃபாதரும் அதையே சொன்னார். பாட்டுக் குழுவில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பொறுமை, பொறுமை, பொறுமை! சொன்னவர்களில் ஒருத்தராவது எதற்காவது காத்திருந்து நான் பார்த்ததில்லை. மதாமுக்குக் காபி கொஞ்சம் தாமதமானால் போதும், வேலைக்காரி ஆதிலட்சுமியின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்துவிடும்.

ஆனால் அமலு நம்பினாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். நம்பாமல் நடித்திருந்தால் கூடப் பரவாயில்லை. "ஆண்டவருக்கு ஒரு நேரம் இருக்குக்கா," என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களோடுதான் இருந்தாள். சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கேதான் அன்பழகன் மெஷின் மெக்கானிக். சேதராப்பட்டிலேயே நிலம் நீச்சு உள்ள குடும்பம். இந்துப் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடை முன்னால் வந்து நின்றான். பெரிய மெழுகுவத்தியாக ஒன்றை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"எந்த சாமிக்குப்பா? அந்தோணியாருக்கா, மாதாவுக்கா?" என்றேன்.

"ஒங்க தங்கச்சிக்கு," என்றான்.

பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டான். நான் சிரித்த சிரிப்பில் பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போயிற்று. அமலுவுக்கு அவனை ஏற்கெனவே பிடித்திருந்தது என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. அவன் பேரைச் சொன்னதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"கோர்ட்டுல போயி அந்த ரெனேவ அத்து வுட்டுடு. இந்தப் புள்ளைய கட்டிக்க," என்றேன்.

"கோயில்ல போட்ட முடிச்ச கோர்ட்டுல அவுக்க முடியுமாக்கா?"

"அப்ப கோயிலயே அவுக்கச் சொல்லு."

அதற்கும் வழி இருந்தது. ஆரம்பத்திலேயே அது உண்மையான கல்யாணம் இல்லை என்று சபைக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கலாம் என்று இன்னாசி ஃபாதர் மனு எழுதிக் கொடுத்தார். ஆனால் மாப்பிள்ளை பக்கத்தையும் கேட்க வேண்டும். ரெனேவுக்குக் கடிதம் போனது. பதில் இல்லை. மறுபடி போனது. பதில் இல்லை. ஃபாதர் நல்ல மனுஷன்தான். என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

அன்பழகன் காத்திருந்தான். சும்மா இல்லை. கோயிலில் கட்ட வேண்டுமென்றால் நானும் கோயில்காரனாக ஆகிவிடுகிறேன் என்று ஞாயிறு தவறாமல் வண்டியில் வந்து ஞானோபதேசம் படித்தான். மந்திரங்களைச் சொல்லும்போது கை கட்டி நிற்பான். அவன் அம்மா லட்சுமி வீட்டில் பெண் பார்த்து வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தாள். இவன் ஒவ்வொரு தையாக ஒத்திப்போட்டான்.

"எவ்ளோ நாளு அமலு?" என்று ஒரு நாள் என் கடை முன்னாலேயே கேட்டான்.

"ஆண்டவரு நேரம் வர்ற வரைக்கும்," என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் மெழுகுவத்திகளை அடுக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய?

இரண்டாயிரத்து மூன்று, ஆகஸ்ட் மாதம். பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாள். அதற்கு முந்தின ஒன்பது நாளும் அமலு நவநாள் இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, கம்பெனி விட்டு வந்ததும் நேரே கோயில், முழங்கால். அந்த நாட்களில்தான் டிவியில், பிரான்சில் வெயில் தாங்காமல் ஜனங்கள் செத்து விழுகிறார்கள் என்று காட்டினார்கள். வெயிலில் சாக பிரான்சுக்கா போக வேண்டும், சித்திரையில் உப்பளத்துக்கு வந்தால் போதாதா என்று நான் கிண்டல் பேசிக்கொண்டிருந்தேன்.

திருநாள் அன்று தேர் சுற்றி வந்து நின்று, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஆதிலட்சுமி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, மதாம் ஒங்க தங்கச்சிய கையோட கூட்டியாரச் சொன்னாங்க. ரெனே ஐயா போயிட்டாராம்."

"எங்க போயிட்டாரு?"

"ஐய, செத்துட்டாருக்கா! அங்க வெயிலாம்!"

விஷயம் இதுதான். மதாமின் அண்ணன் மகன் லெயோன் அங்கே ரெனே வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான். ரெனேயின் வீட்டிலிருந்து துணி போர்த்திய உடம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். போலீஸ் கதவுக்கு சீல் வைத்துவிட்டது. ரெனேயின் போனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அழுதுகொண்டே அத்தைக்குச் சேதி சொல்லிவிட்டான்.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அமலு தேரிலிருந்து இறக்கிய மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வாடிய பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையிலிருந்த பூவெல்லாம் கீழே விழுந்தது. மாதாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாதா கேட்டுட்டாங்கக்கா," என்றாள். "நேரம் வந்துட்டுதுக்கா."

அழுதாள். எந்த அழுகை என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை பெற்று முடித்தவள் அழுகிற அழுகை. எனக்கும் சந்தோஷம்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒழிந்தான் என்று என் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது.

தூமா வீதிக்குப் போகிற வழியில் எஸ்டிடி பூத்தில் நிறுத்தி அன்பழகனைக் கூப்பிட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் பேசுவது கேட்கவில்லை. ஆனால் போன் கம்பியைச் சின்னப் பெண் மாதிரி விரலில் சுற்றிக்கொண்டு சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அமலு வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மதாம் வாசலுக்கே வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எம் மருமவளே!" என்று ஒரு ஓலம். கல்யாணத்தன்றுகூட அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. செத்தவனுக்கு ஒரு பெண்சாதி வேண்டும் இல்லையா? பிரான்சில் இருக்கிறவள் இங்கே வந்து உட்காரப்போவதில்லை. துக்கம் கேட்க வருகிற ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் படத்துக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் அசிங்கம். கோன்சுலாவில் எழுதாத கல்யாணம் அன்றைக்குத்தான் தூமா வீதியில் செல்லுபடியாயிற்று. பிறந்த வீட்டுக் கோடியாக நான் ஒரு வெள்ளைப் புடவை வாங்கிக் கொண்டுபோனேன். வாழ்நாளில் நான் இவ்வளவு சந்தோஷமாக வாங்கிய புடவை அதுதான்.

ரெனேயின் படத்துக்கு மாலை. முன்னால் மெழுகுவத்தி, என் கடையிலிருந்து போனதுதான். பக்கத்தில் அமலு. அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் டெலிபோன். வந்தவர்களிடமெல்லாம் மதாம், "ரெனேவோட பெண்சாதி, கோயில்ல தாலி கட்டிகினவ," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அமலுவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தாலும் முகத்தில் இருப்பது தெரிந்தது.

"கொஞ்சம் அழுடி, ஜனங்க பாக்குது," என்று மதாம் காதோடு சொன்னாள்.

மறுநாள் அன்பழகன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ரோஜா மாலை. இந்த வீட்டில் அவனை யாருக்கும் தெரியாது. கம்பெனியில் வேலை செய்கிறவர் என்று நான் சொன்னேன். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது இரண்டு பேரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவு வீட்டில் அது ஒரு கல்யாணம் மாதிரி எனக்கு இருந்தது.

துக்கப் பூசைக்கு இன்னாசி ஃபாதர் நாள் குறித்துவிட்டார். பூசைக்கு முந்தின நாள் மத்தியானம், வீடு நிறைய ஆள், டெலிபோன் அடித்தது. மதாம் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அமலு எடுத்தாள்.

அந்தப் பக்கம் என்ன பேசினான் என்று அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அல்லோ, மமான்?" என்றானாம், அம்மா எடுத்ததாக நினைத்து. அவனேதான். பெண்டாட்டி பிள்ளையோடு கடற்கரை ஊருக்கு வக்கான்ஸ் போயிருக்கிறான். அங்கே போன் இல்லை. புதுச்சேரியிலிருந்து யாரோ கிளம்பி வருகிறார்களாம், அவர்களிடம் வடகம் கொடுத்து அனுப்பச் சொல்லப் பூத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறான். வடகம்!

"யாரு பேசறது?"

"நான் அமலோற்பவம்."

"அமலுவா? நீ எங்க வூட்ல இன்னா பண்ற?"

இதற்குப் பிறகு அவள் சொன்னதை வீடே கேட்டது. சத்தமாக இல்லை. டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டார்கள் என்று தெரிந்தவள் கேட்கிற மாதிரி, நம்பிக்கை போன குரலில், மரியாதை குறையாமல் கேட்டாள்.

"நீங்க சாவலியா?"

மதாம் ஓடி வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். கேட்டாள். ஒரு கூச்சல் போட்டு ரிசீவருக்கு முத்தம் கொடுத்தாள். அழுதாள், சிரித்தாள். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ படத்தின் முன்னால் இருந்த மெழுகுவத்தியை அவசர அவசரமாக ஊதி அணைத்தார்கள். அமலு மட்டும் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. வெள்ளைப் புடவையின் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு மதாம் திரும்பினாள்.

"எம் புள்ள சாவணும்னுதான் காத்துகினு இருந்தியாடி?"

நான் நடுவில் பாய்ந்தேன். "இன்னா பேசற நீ? ஒம் புள்ள பண்ண அக்கிரமத்துக்கு—" என்று ஆரம்பித்தேன். அமலு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமாங்க அத்த," என்றாள்.

அடப் பாவி மகளே! ஒரு பொய் சொல்லக் கூடாதா? அதிர்ச்சியில் கேட்டுவிட்டேன் என்று சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? என் தங்கைக்கு அது வராது. வந்திருந்தால் எப்போதோ பிழைத்திருப்பாள்.

துக்கப் பூசை நன்றிப் பூசையாக மாறியது. அதே நாள், அதே நேரம், பீடத்தில் அதே பூ. மதாம் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து ஆண்டவரின் இரக்கத்தைப் பற்றி எல்லோரிடமும் சொன்னாள். அப்படியானால் செத்தது யார் என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! நான்தான் ஆதிலட்சுமியிடம் துருவித் துருவிக் கேட்டேன். ரெனே வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த காரைக்கால்காரர். இராமதாஸ் என்று பெயர். வயசானவர், ஒண்டிக்கட்டை. வீட்டுக்காரன் ரெனே கடற்கரைக்குப் போய்விட்டான், மூடிய அறையில் வெந்து செத்துப்போனார். அவருக்காக என் கடையிலேயே ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைத்தேன். என்ன சாமி கும்பிட்டாரோ தெரியாது. அந்த நன்றிப் பூசையில் அவர் பேரைச் சொல்ல ஆளில்லை.

அமலு ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"இன்னா சொன்னாரு?"

"அவருக்காக ஒரு செபமாலை சொல்லச் சொன்னாருக்கா. அவரு நீண்ட ஆயுசோட இருக்கணும்னு."

"ஒண்ணுதான? சொல்லித் தொலச்சிட்டு மறந்துடு."

"ஒண்ணு பத்தாதுக்கா," என்றாள்.

அன்றே மறுபடியும் ஃபாதரிடம் போய்ச் சபைக் கோர்ட்டு மனுவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரே திகைத்துப்போய், அவசரப்படாதே என்றாராம். அவசரம்! அந்த வார்த்தை எங்கள் வீட்டுக் கதையில் அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது.

அன்பழகன் வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். கேட்கக் கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை. கேட்டேன்.

"நீ யாரையும் கொல்லலியே அமலு. எவனோ தப்பா சேதி சொன்னான், நீ நம்பிட்ட. அதுல ஒன் தப்பு இன்னா?"

"நம்புனது தப்பில்லங்க. சந்தோஷப்பட்டன்."

"நானுந்தான் சந்தோஷப்பட்டன்."

"அவரு செத்தாருன்னு இருந்த அந்த ரெண்டு மூணு நாளுதாங்க நான் நல்லா இருந்தன். சாப்புட்டன். தூங்குனன். எந்திரிக்கும்போதே சிரிப்பு வந்துது. ஒரு மனுசன் செத்ததுல."

"அந்த மனுசன் ஒனக்கு பண்ணத—"

"ஆண்டவரு நேரம், ஆண்டவரு நேரம்னு ஒங்கள இத்தன வருசம் ஒக்கார வெச்சனே. அதுக்குள்ள இன்னா இருந்துதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது. அவரு எப்ப சாவாருன்னு பாத்துகினு இருந்திருக்கன். அதயே மாதாகிட்ட முழங்கால் போட்டும் கேட்டிருக்கன். நீங்க போங்க. ஒங்க ஆத்தா பாத்த பொண்ண கட்டிக்கங்க."

"மனுதான் இருக்கே. அதுல தீர்ப்பு வரட்டும். நான் காத்திருக்கறன்."

"வேணாங்க," என்றாள். "காத்திருக்காதீங்க. காத்திருந்தா நாமளும் எவனாவது சாவறதுக்குதான் காத்திருப்பம்."

அவன் படியிறங்கினான். பிறகு வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. நான் வெளியே வந்து அவளை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அதற்குப் பிறகு ஞானோபதேசத்துக்கு வரவில்லை. அடுத்த தையில் அவன் ஊரிலேயே கல்யாணம். பெண் பெயர் பூர்ணிமா. பத்திரிகை கொடுக்க என் கடைக்கு வந்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். ஒரு பெரிய மெழுகுவத்தியை எடுத்தான். யாருக்கு என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவனே கொளுத்தி மாதா கெபியில், அந்தக் குகை மாடத்தில், வைத்துவிட்டுப் போனான்.

அமலு சோப்புக் கம்பெனியை விட்டுவிட்டு லாஸ்பேட்டையில் ஒரு ஹாஸ்டலில் சமையலுக்குப் போனாள். முடி நரைத்தது. ஐந்தாவது பத்து மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலில் படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்து ரெனேயின் ஆயுசைக் கேட்பாள்.

கேட்டது கிடைக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். தனக்கு ஒரு வாழ்க்கை கேட்டு இவள் எத்தனை வருஷம் முழங்கால் தேய்த்தாள். அப்போதெல்லாம் ஆண்டவருக்கு நேரம் வரவில்லை. அதற்குப் பொறுமை வேண்டும், காலம் வேண்டும், நமக்குப் புரியாத திட்டம் வேண்டும். ரெனே நல்லா இருக்கணும் என்று கேட்டாள் பாருங்கள், அதற்கு ஒரு நாள் தாமதம் உண்டா? தினத்துக்குத் தினம், கேட்ட உடனே, கையில் கொடுக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு ரெனே குடும்பத்தோடு வந்தான். கன்னமெல்லாம் சிவந்து, கொழுகொழுவென்று. மதாமைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். பூசை முடிந்ததும் நேரே என் கடைக்கு வந்தான். அமலு என் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓட இடமில்லை.

"போன்ழூர், அமலு. சௌக்கியமா?" என்றான். வெட்கம் மானம் எதுவும் இல்லை.

நான் கையில் இருந்த பெரிய மெழுகுவத்தியை இறுக்கிப் பிடித்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

"நீங்க எப்டி இருக்கீங்க? ஒடம்பு நல்லா இருக்கா?" என்றாள் அமலு. உபசாரத்துக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரஷர்தான் கொஞ்சம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பிரஷரா? மாத்திர போடறீங்களா? வுட்டுடாதீங்க. உப்ப கொறைங்க. தயவு பண்ணி வுட்டுடாதீங்க."

அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி சரி என்று தலையாட்டினான். அமலு கோயிலுக்குள் போனதும் என் பக்கம் குனிந்து, "பாவம், இன்னும் எம்மேல பிரியமாத்தான் இருக்கா போல," என்றான். சிரித்தான். அவன் அம்மாவின் அதே சிரிப்பு.

இறுக்கிப் பிடித்திருந்த மெழுகுவத்தியை அடுக்கிலேயே திருப்பி வைத்தேன். அவன் இரண்டு மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் செபமாலையில் ஐந்தாவது பத்தும் முடிந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். அமலு எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ரெனேயின் பிரஷருக்காக இன்னொரு பத்து ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.